15 மில்லியின் விலை

காரை இறக்க வருகிற இளைஞர்கள் விரலைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இப்போது நாலு விரல் போகிறது, ஒரு விரல் போகிற அளவுக்கு வர வேண்டும். "எவ்ளோ எறங்கும்ணா?" என்பதுதான் முதல் கேள்வி. பதிலுக்கு நான் கேட்பது, "வண்டி தெனம் எந்த ரோட்டுல போவுது தம்பி?" வடசென்னை விம்கோ நகரில் சஸ்பென்ஷன் வேலை பார்ப்பவன் இதைக் கேட்காமல் ஸ்பானரைத் தொடக் கூடாது. கேட்டலாக்கில் இருக்கிற ஸ்பிரிங் ஜெர்மனி ரோட்டை நினைத்துச் சுற்றியது. அது போகப் போவது எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில். ராயபுரம் ஜீரோ கேட் வரைக்கும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்று, தார் குழைந்து, சக்கரத்தடம் பள்ளமாகிப்போன ரோடு அது.

வண்டித் தொழில் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் பிறகு எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியானது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி, பிறகு அசோக் லேலண்டாக மாறி லாரிக்குப் போனது. 1955-இல் என்ஃபீல்டும் திருவொற்றியூருக்கு வந்துவிட்டது. லாரி இருக்கிற இடத்தில் ஸ்பிரிங் பட்டறை இல்லாமல் இருக்குமா? நான் தொழில் பழகியதும் அப்படி ஒரு பட்டறையில்தான். காயில் ஸ்பிரிங்கைக் கையில் எடுப்பதற்கு வெகு நாள் முன்பே பட்டை ஸ்பிரிங்கை அடித்து வளைவு ஏற்றியவன் நான். ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான பாடமும் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் பள்ளத்தில் இறங்கி அசைந்து அசைந்து போகும். அதே வண்டி காலியாகத் திரும்பும்போது சின்னக் கல்லுக்குக்கூடத் தடதடவென்று துள்ளும். ஸ்பிரிங் மாறவில்லை, அதன் மேல் இருக்கிற எடைதான் மாறியிருக்கிறது. ஸ்பிரிங்கின் கடினத்தை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அது சுமக்கிற எடையோடு சேர்த்துப் பார்த்தால்தான் வண்டி எப்படி ஓடும் என்பது தெரியும்.

அந்தச் சேர்க்கையை ஒரே எண்ணில் சொல்லலாம். ஒரு நொடிக்கு வண்டியின் உடம்பு எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்பதுதான் அந்த எண். குடும்பக் கார்களில் அது ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றரையிலிருந்து இரண்டு வரை போகும். பந்தய வண்டிகள் இரண்டைத் தாண்டும். ஒரு ஹேட்ச்பேக்கின் முன் சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் 320 கிலோ உட்கார்ந்திருக்கிறது, ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க இரண்டரை கிலோ கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் 1.4 வரும். ஸ்பிரிங்கை 30 சதவீதம் கடினமாக்கினால் 1.6 ஆகும். ஓட்டுகிறவர் வித்தியாசத்தை உணர்வார், பின் சீட்டில் இருக்கிற அம்மா திட்ட மாட்டார். 30 சதவீதம்தான் நான் வழக்கமாகத் தேடுகிற அளவு. ஷாக் அப்சார்பர் நல்ல நிலையில் இருந்தால் அதுவே இதற்கு ஈடுகொடுத்துவிடும். ஸ்பிரிங் 30 சதவீதம் ஏறினால் ஷாக்கின் பிடிப்பு 14 சதவீதம் ஏறினால் போதும்.

ஆனால் கடினத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. விரலைக் காட்டிப் பேசுகிற யாரும் அதைக் கேட்பதில்லை. இறக்கின பிறகு சக்கரம் மேலே ஏற மிச்சம் எவ்வளவு இடம் இருக்கிறது?

நிற்கும் நிலையிலிருந்து, கடைசியில் முட்டி நிற்கிற ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பை முழுசாக நசுக்கும் வரை சக்கரம் 75 மில்லி ஏற முடிகிற காரை எடுத்துக்கொள்வோம். 25 மில்லி இறக்கினால் 50 மிச்சம். 40 மில்லி இறக்கினால் 35 மிச்சம். ஸ்பிரிங் வாங்குகிற அடியின் சக்தி, பயணத் தூரத்தின் வர்க்கத்தோடு ஏறும். இரண்டிலும் 30 சதவீதம் கடினமான ஸ்பிரிங் போட்டாலும், 25 இறக்கிய காரில் பழைய தாங்கும் திறனில் 58 சதவீதம் இருக்கும், 40 இறக்கிய காரில் 28 சதவீதம்தான் இருக்கும். நடுவில் இருப்பது 15 மில்லி, ஒரு விரல் அகலம். அந்த ஒரு விரலுக்காகத் தாங்கும் திறனில் பாதி போய்விடுகிறது. மீதி அடியை வாங்குவது பம்ப் ஸ்டாப், அதற்குப் பிறகு ஸ்ட்ரட் மவுன்ட், அதற்கும் பிறகு ஓட்டுகிறவரின் இடுப்பு. "ஸ்பிரிங் ரொம்ப ஹார்டுணா" என்று திரும்பி வருகிற கார்களில் பெரும்பாலும் ஸ்பிரிங் மேல் பழி இல்லை. வண்டி பம்ப் ஸ்டாப் மேலேயே உட்கார்ந்து ஓடிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஷாக்கின் தூசி உறையை விலக்கிவிட்டு, பளபளக்கிற ராடில் ஒரு பிளாஸ்டிக் டை கட்டி, அதை ஷாக் உடம்பு வரை கீழே தள்ளிவிடுவேன். டை இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, தானாக வழுக்கவும் கூடாது. பிறகு சாவியைக் கொடுத்து, "எப்பவும் போற ரோட்டுல, எப்பவும் போற ஸ்பீடுல போயிட்டு வா" என்று அனுப்புவேன். தினமும் ஏற்றுகிற ஆட்களோடு போக வேண்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக் உடம்பு டையை மேலே தள்ளும், டை அங்கேயே நின்றுவிடும். வண்டி திரும்பி வந்ததும் கீழே படுத்து ஸ்கேலை வைத்துப் பார்த்தால், அந்த ரோடு அந்த வண்டியிடம் எவ்வளவு கேட்டது என்பது மில்லிமீட்டரில் எழுதியிருக்கும். டைக்கும் பம்ப் ஸ்டாப் நுனிக்கும் நடுவே இடம் இருந்தால், அந்த இடத்தில்தான் இறக்கலாமா என்ற பேச்சுக்கே இடம். டை ஏற்கெனவே பம்ப் ஸ்டாப்பைத் தொட்டு நின்றால், கம்பெனி உயரத்திலேயே இந்த ரோடு இந்த வண்டிக்குப் போதவில்லை என்று அர்த்தம். அந்த ஆளுக்கு நான் ஸ்பிரிங் விற்பதில்லை, நல்ல ஷாக் போடச் சொல்வேன்.

"ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டுமா?" என்பது அடுத்த பயம். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி போட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. இரண்டரை மீட்டர் வீல்பேஸ் உள்ள கார் அதன் நடு முதுகில் நிற்கும்போது வயிற்றை நோக்கி வரும் மேடு சுமார் 46 மில்லிதான். இறக்கிய கார்கூடச் சும்மா தாண்டிவிடும். ஆனால் நம் தெருக்களில் இருப்பது அது இல்லை. கான்கிரீட் மீந்துபோன அன்றைக்கு யாரோ குவித்து வைத்த மேடு, செங்குத்தாக, ஒரு முழம் அகலத்தில். அதில் 'சேம்பர்' என்று நாங்கள் சொல்கிற எஞ்சின் ஆயில் தொட்டியின் உயரத்தை அளந்துதான் ஆக வேண்டும். எனவே வண்டியை மட்டும் அளந்தால் போதாது, வீட்டு வாசலையும் ஆபீஸ் பேஸ்மென்ட் இறக்கத்தையும் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

ரொம்ப இறக்கினால் வளைவில் நன்றாக நிற்கும் என்ற நம்பிக்கையும் பாதி உண்மைதான். மெக்பர்சன் ஸ்ட்ரட் போட்ட காரில், அதாவது நம் ஊர் ஹேட்ச்பேக் அத்தனையிலும், லோயர் ஆர்ம் உள்ளிருந்து வெளியே சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். வண்டியை இறக்க இறக்க அது படுக்கையாகி, பிறகு வெளிமுனை மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது உடம்பின் எடை மையம் இறங்கியதைவிட, உடம்பு சாய்கிற அச்சு அதிகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால் சாய்க்கிற நெம்புகோல் நீளமாகிறது. இறக்கியது போதாமல், சாய்வைத் தடுக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் தேட வேண்டியதாகிவிடும். ஸ்டீயரிங்கின் டை ராட் கோணமும் கெடும். அதனால் பள்ளத்தில் ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே சக்கரம் திரும்பப் பார்க்கும். 25 மில்லியில் இந்தச் சங்கடங்கள் அலைன்மென்ட்டோடு தீர்ந்துவிடும். 40-ஐத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாகம் தேட வேண்டும்.

இனி ஸ்பிரிங்கைக் கையில் எடுப்போம். முதலில் கம்பியின் கனம். ஓரிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வெர்னியர் வைக்க வேண்டும், பெயின்ட்டோடு அளந்தால் கணக்கு பொய்க்கும். கடினம் கம்பிக் கனத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 12 மில்லி கம்பி 13 ஆனால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் 38 சதவீதம் ஏறிவிடும். அடுத்தது வேலை செய்கிற சுற்றுகளின் எண்ணிக்கை. சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் கடினமாகும். அதன் பிறகு மொத்த நீளம். வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் தட்டில் உட்கார்ந்தே இருக்க வேண்டும். கையால் ஆட்டினால் லொடலொடவென்று ஆடுகிற ஸ்பிரிங், ஏதாவது ஒரு பள்ளத்தில் தட்டிலிருந்து நழுவும்.

மேல்பக்கம் நெருக்கமாகவும் கீழே அகலமாகவும் சுற்றியிருக்கிற ஸ்பிரிங்கை 'புரோகிரசிவ்' என்று விற்பார்கள். முதலில் மெத்து, பிறகு கடினம் என்பது விளக்கம். கொஞ்ச நாள் ஓடிய ஸ்பிரிங்கைக் கழற்றி, நெருங்கிய சுற்றுகளின் நடுவே பாருங்கள். ஒன்றோடொன்று உரசிப் பெயின்ட் முழுக்கத் தேய்ந்து வளையமாக மின்னினால், வண்டி சும்மா நிற்கும்போதே அந்தச் சுற்றுகள் மூடிக்கொள்கின்றன என்று பொருள். மெத்து என்று சொன்ன பகுதி ஓட்டத்தில் எந்த வேலையும் செய்வதில்லை. ஜாக்கியில் தூக்கும்போது ஸ்பிரிங் நழுவாமல் பிடிக்க மட்டும் உதவுகிறது. அது குற்றமில்லை, பல நல்ல ஸ்பிரிங்குகளும் அப்படித்தான். ஆனால் அதை மெத்து என்று நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

பழைய ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டிவிடலாமே என்பார்கள். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் 20 சதவீதம் கடினமும் வரும், இறக்கமும் வரும். ஆனால் தட்டில் உட்கார வேண்டிய நுனி போய்விடுகிறது. அதைவிட மோசம், கேஸ் டார்ச்சால் சிவக்கச் சூடாக்கி உட்கார வைப்பது. ஸ்பிரிங் எஃகைச் சூடாக்கி எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமான சூட்டில் பதம் பார்த்துத்தான் அதற்கு அந்த உயிர் வருகிறது. டார்ச் பட்ட இடத்தில் பதம் போய்விடும். சில மாதத்தில் அது இன்னும் உட்காரும், இல்லையென்றால் உடையும்.

உடைவதற்கு எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. கடற்காற்றின் உப்பு. கல் பட்டு ஸ்பிரிங்கின் பூச்சு உரிந்த இடத்தில் துரு குழி போடும், அந்தக் குழியிலிருந்து விரிசல் கிளம்பும். கீழ்ச்சுற்று தட்டோடு உட்காருகிற இடத்தில்தான் மணலும் ஈரமும் தங்கும், உடைவதும் அங்கேதான். அதனால் சர்வீஸுக்கு வருகிற ஒவ்வொரு வண்டியிலும் கீழ்ச்சுற்றைக் கழுவி, டார்ச் லைட் அடித்துப் பார்க்கிறேன். செகண்ட் ஹேண்ட் ஸ்பிரிங் எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும், பூச்சு உரிந்திருந்தால் மாட்டுவதில்லை.

முன்பக்கம் மட்டும் இறக்கிவிட்டு, "பின்னாடி அப்புறம் பாத்துக்கலாம்" என்பதும் சரிவராது. ஜெனரல் மோட்டார்ஸில் 1930-களில் வேலை பார்த்த மாரிஸ் ஓலி, காரின் முன்னும் பின்னும் எடைகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து ஒன்றைச் சொன்னார். பின்பக்க ஆட்டம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக இருக்க வேண்டும். மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம், கொஞ்சம் தாமதித்து ஏறுகிற பின்பக்கம் அதை எட்டிப் பிடித்தால்தான் உடம்பு முன்னும் பின்னும் ஊசலாடாமல் மட்டமாக அடங்கும். செட்டாக வருகிற நாலு ஸ்பிரிங்கில் இந்தக் கணக்கைப் போட்டு வைத்திருப்பார்கள். ஒன்றை இங்கும் இன்னொன்றை அங்குமாக வாங்கினால் அந்தக் கணக்கு போச்சு. நாலு பேரோடு திருப்பதி போகிற வண்டி என்றால், பின்பக்கத்தை முன்பக்கத்தைவிடக் குறைவாகவே இறக்க வேண்டும்.

பந்தய வண்டிகளை உதாரணம் காட்டுகிறவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் தரை வழவழப்பு. 3.7 கிலோமீட்டர் சுற்றில் ஒரு பாதாளச் சாக்கடை மூடிகூட எழும்பி நிற்காது. அங்கே 75 மில்லி பயணம் எதற்கு? அங்கே ஓடுகிற போலோவின் ஸ்பிரிங், திருவொற்றியூர் தேரடியிலிருந்து எண்ணூர் போகிற போலோவுக்கு அறிவுரை சொல்ல முடியாது. வார இறுதியில் டிராக்குக்குப் போகிறவர் இரண்டு செட் வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதனால், எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாட்ட வசதியாக, கழற்றிய ஸ்பிரிங்குகளைத் துடைத்து, எது எந்தச் சக்கரத்துடையது என்று எழுதி, சாக்கில் கட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வண்டியை விற்கும்போதும் அது தேவைப்படும்.

மாட்டியதும் வேலை முடிந்துவிடவில்லை. ரப்பர் புஷ்களின் போல்ட்டை, வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் புஷ் முறுக்கியபடியே ஓடிக் கிழியும். சில நாள் ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு உயரத்தை அளந்து, அதற்குப் பிறகே அலைன்மென்ட். ஹெட்லைட்டின் கோணத்தையும் அப்போதே சரிபார்க்க வேண்டும். பிறகு மறுபடி ராடில் ஒரு டை, மறுபடி அதே ரோடு.

ஸ்பிரிங் பெட்டியின் மேல் இறக்கம் எவ்வளவு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியது மற்ற மூன்று: கடினம் எவ்வளவு, மொத்த நீளம் எவ்வளவு, கூட வருகிற பம்ப் ஸ்டாப்பின் உயரம் எவ்வளவு. இந்த மூன்றுக்கும் எண்ணாகப் பதில் சொல்ல முடியாத கடையில், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.