அடுப்படியில் எடுத்த படம்

பிறந்த வீட்டை விற்றாகிவிட்டது என்று சேதி வந்தால் ஒரு பெண்ணுக்கு எப்படியிருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு 2023 மே மாதத்தில் அந்தச் சேதி வந்தது. "பத்திரம் பதிய இன்னும் பத்து நாள்தான் இருக்கு. ஒரு நடை வந்து பார்த்துட்டுப் போயிடும்மா" என்றார் அண்ணன், போனில்.

அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குப் பிழைப்பு திருப்பூரில். அப்பா போன பிறகு அம்மா ஒருத்தியாகவே அந்த வீட்டைக் கட்டிக் காத்தாள். ஓடு மாற்றவும் ஆள் கிடைப்பதில்லை. முந்தின ஐப்பசி மழையில் கொல்லைத் தாழ்வாரம் சரிந்து விழுந்தது. நல்ல வேளை, அம்மா அப்போது கூடத்தில் படுத்திருந்தாள்.

எழும்பூரில் ரயிலேறி விடிகாலை மயிலாடுதுறையில் இறங்கினேன். 1982-ல் பெயர் மாறிய ஊர். எங்கள் வீட்டாருக்கு இன்னும் மாயவரம்தான். அங்கிருந்து பூம்புகார் பஸ். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு நாள் இருந்ததால் வழியெல்லாம் வாய்க்கால்கள் வறண்டு கிடந்தன.

திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று வீட்டை ஒன்றுவிடாமல் படம் பிடித்துக்கொள்ளத்தான் போனேன். செல்போனைக் கையில் எடுத்ததுமே அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"வேண்டாம்டி. உசுரு போன பிறகுதான் அந்தக் காலத்துல போட்டோக்காரரைக் கூப்பிடுவாங்க. வீட்டுக்கும் அதையே பண்ணணுமா?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் அப்பாயியின் ஒரே படம், அவர் இறந்த அன்று மாலை போட்டு நாற்காலியில் சாய்த்து வைத்து எடுத்ததுதான்.

நான் பதில் பேசாமல் ட்ரங்குப் பெட்டியிலிருந்த ஆல்பத்தை எடுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். 1971-ல் வாசல் பந்தலில் கல்யாணக் கோலத்தில் அம்மா. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. திண்ணையில் வரிசையாகப் பெரியப்பா, சித்தப்பாமார்கள். முற்றத்தில் அண்ணனுக்குக் காது குத்து. புரட்டி முடித்ததும்தான் உறைத்தது. அடுப்படியில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை! பிலிம் ரோலில் எண்ணி எண்ணிப் படம் எடுத்த காலம். விசேஷத்துக்கும் விருந்தாளிக்குமே அது சரியாகப் போயிருக்கும். இருட்டு அடுப்படிக்கு யார் செலவழிப்பார்கள்? ஐம்பத்திரண்டு வருஷம் அம்மா நின்ற இடம் எந்தப் படத்திலும் இல்லை.

"அம்மா, நான் அடுப்படியை மட்டும் எடுத்துக்கிறேனே" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால், பல வருஷமாகப் பற்றவைக்காத விறகடுப்பைச் சாணி போட்டு மெழுகி, கோலம் போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சொம்புப் பால். "குடி வர்றப்பப் பால் காய்ச்சுறோம். போறப்ப மட்டும் சொல்லாமக் கொள்ளாமப் போறதா?" என்றாள்.

கொல்லைக் கதவை அகலத் திறந்து வைத்தேன். அந்த வெளிச்சமே போதுமாயிருந்தது. ஃப்ளாஷ் போட்டிருந்தால் புகை படிந்த சுவரின் அழகெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். கை ஆடாமலிருக்க, போனைக் கவிழ்த்த மரக்கால் மேல் சாய்த்து வைத்தேன். ஊதுகுழல், தேய்ந்துபோன அம்மி, அஞ்சறைப் பெட்டி வைக்கும் மாடம், நிலைப்படியில் எங்கள் உயரம் குறித்த பென்சில் கோடுகள், பால் பொங்கும்போது பாத்திரத்தைப் பிடித்திருந்த அம்மாவின் கை. எல்லாவற்றையும் எடுத்தேன்.

அம்மா படத்தை வாங்கிக் கண்ணருகில் வைத்து வெகு நேரம் பார்த்தாள். "நான் இத்தனை நாள் நின்ன இடம் இவ்வளவு சின்னதா?" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது இப்படி ஒரு வீட்டை விட்டு வரும் நிலை வந்தால், என் அனுபவத்தில் இரண்டொரு வார்த்தை. முற்றத்தைக் காலை எட்டு மணிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். உச்சி வெயிலில் பாதி வெளுத்து, பாதி கறுத்துப் போகும். வெறும் சுவரை எடுக்காமல், அங்கே புழங்கியவர்களை அவரவர் வேலையோடு சேர்த்து எடுங்கள். பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், கிழிந்துவிடும். வெளிச்சம் பட்டுப் பளபளக்காதபடி சற்றுத் திருப்பி வைத்து, கண்ணாடியோடேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். யார், எந்த வருஷம் என்று பெரியவர்களிடம் கேட்டு அன்றைக்கே எழுதி வையுங்கள். போனிலேயே விட்டுவிடாமல் நாலு படமாவது அச்சுப் போட்டு வாங்குங்கள்.

கிளம்பும்போது அம்மா அடுப்பை நீர் தெளித்து அணைத்தாள். சாம்பலை அள்ளித் தென்னை மரத்தடியில் கொட்டினாள். சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

இப்போது அம்மா திருப்பூரில் அண்ணனோடு இருக்கிறாள். பால் பொங்கும் படத்தை அண்ணி சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கிறார். போன முறை நான் போயிருந்தபோது அம்மா பேத்திக்கு அதைக் காட்டி, "இந்த மூலையில ஒரு ஜன்னல் இருக்கும். படத்துல வரலே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.