அந்த எண்ணெயில் வேறென்ன பொரிந்தது?

ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டில் யாரையும் சாப்பிடக் கூப்பிட வேண்டியதில்லை. மீன் துண்டு எண்ணெயில் விழும் சத்தம் கேட்டாலே போதும், கைப்பேசியும் பள்ளிப்பாடமும் அப்படியே கிடக்க, எல்லாரும் அடுப்படிக்கு வந்துவிடுவார்கள். நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. "இந்தப் புழுக்கத்தில் வீவக அடுப்படியில் நின்று பொரிக்கணுமா? மின்தூக்கியில் இறங்கினால் உணவங்காடி நிலையம். வாங்கிவிடலாமே!" வாங்கலாம்தான். ஆனால் என் மகள் அதைச் சாப்பிட முடியாது.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, ஒரு கடையில் இந்திய ரோஜாக் வாங்கினோம். அவள் எடுத்தது இரண்டு துண்டு பொரித்த தாவ்ஹு மட்டுமே. கால் மணி நேரத்தில் உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடித்தது. பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கியது. 995ஐ அழைத்தோம். மருத்துவமனையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் அவள் மூச்சு சீரானது. எங்களுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

சில வாரங்கள் கழித்துத் தோலில் சோதனை செய்தார்கள். சோயா, கோதுமை, நிலக்கடலை, மீன் எதற்கும் ஒன்றுமில்லை. இறால் சாறு வைத்த இடம் மட்டும் கொசு கடித்ததுபோல் புடைத்து எழுந்தது. "அவள் இறாலே சாப்பிடவில்லையே டாக்டர்" என்றாள் என் மனைவி. மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தாவ்ஹு பொரித்த எண்ணெயில் வேறென்ன பொரித்தார்கள்?"

ரோஜாக் கடையின் கண்ணாடிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். இறால் வடை, சோத்தோங், மீன், உருளைக்கிழங்கு, தெம்பே என எல்லாம் அடுக்கியிருக்கும். பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டிதான். கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தத் தொழில் அப்படித்தான் நடக்கிறது. இறாலில் உள்ள திரோப்போமையோசின் என்ற புரதம்தான் பலருக்கு ஒவ்வாமையைத் தருகிறது. அது சூட்டில் அழியாது. கொதிக்கும் எண்ணெயிலும் தங்கி, அடுத்துப் பொரியும் பண்டத்தில் ஒட்டிக்கொள்ளும். நண்டிலும் சோத்தோங்கிலும் இதே வகைப் புரதம் உண்டு. பெலச்சான், உலர்ந்த இறால், கெரோப்போக் என்று நம் ஊர்ச் சமையலில் இறால் ஒளிந்திருக்கும் இடங்களோ ஏராளம். பொட்டலத்தில் விற்கும் உணவு என்றால், அதில் இறால், நண்டு வகை சேர்ந்திருப்பதைச் சிங்கப்பூர் விதிமுறைப்படி அச்சிட வேண்டும். சுடச்சுடத் தட்டில் வருவதற்கு அப்படி ஒரு சீட்டு இல்லை. நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

வெளியே கேட்டுவிடலாம். எனக்குச் சிக்கலாக இருந்தது வீட்டுக்குள்தான். என் அம்மா செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது அவருக்குப் பத்து வயது. கடற்கரையில் வாங்கிய இறாலைப் பாட்டி மாவில் தோய்த்துப் பொரித்த கதையைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார். அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை இறால் வடைக்காக அண்ணன் குடும்பம் ஜூரோங்கிலிருந்து வரும். சோதனை முடிவைச் சொன்னதும் அம்மா சொன்னார்: "எங்க காலத்துல யாருக்கு இந்த அலர்ஜியெல்லாம் இருந்துச்சு? கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தா உடம்பு பழகிக்கும்."

பல வீடுகளில் பெரியவர்கள் பாசத்தோடு சொல்லும் பேச்சுதான் இது. ஆனால் நானும் மனைவியும் வேலையிலிருந்து திரும்ப இரவு ஏழு மணியாகும். அதுவரை பிள்ளையும் அடுப்படியும் அம்மாவின் பொறுப்பு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் வாதாடிப் பயனில்லை என்று தெரியும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போனபோது அவரையும் அழைத்துப் போனேன். தாதி ஒரு பயிற்சி ஊசியைக் கொடுத்து, மூச்சு முட்டினால் தொடையில் எப்படி அழுத்த வேண்டும் என்று அம்மாவுக்கும் செய்துகாட்டச் சொன்னார். அம்மாவின் கை நடுங்கியது. ரயிலில் திரும்பும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, உறைபெட்டியில் இருந்த இறால் முழுவதும் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது. மரக்கரண்டிகள் குப்பைக்குப் போயின. சட்டிகளைச் சவர்க்காரம் போட்டு மூன்று முறை தேய்த்திருந்தார்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் எங்கள் வீட்டில் யாரும் எதையும் பொரிக்கவில்லை. அண்ணன் குடும்பம் வருவதும் குறைந்தது. அப்போதுதான் நான் மீனைக் கையில் எடுத்தேன். மகளுக்கு மீன் ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சோதித்துச் சொல்லியிருந்தார். எல்லாருக்கும் அப்படி இருக்காது, உங்கள் பிள்ளைக்கு எது ஆகும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முதலில் நெத்திலியை நினைத்தேன். ஆனால் ஒரே வலையில் வருவதால் அதில் பொடி இறால் கலந்திருக்கும் என்று அம்மாவே தடுத்துவிட்டார். அதனால் தேக்காவில் இறால் விற்காத ஒரு மீன் கடையில் பாத்தாங், அதாவது நம் வஞ்சிரம், முழுசாக வாங்கி வருகிறேன். வெட்டுவது எங்கள் வீட்டுக் கத்தியில், எங்கள் பலகையில்.

மொறுமொறுப்புக்குப் பெரிய ரகசியம் எதுவுமில்லை. ஈரம்தான் அதற்கு எதிரி. முள்ளும் தோலும் நீக்கிய அரை கிலோ மீனை விரல் பருமனுக்கு நறுக்கி, உப்புத் தடவிப் பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் விடும். அதைத் துணியால் நன்றாக ஒற்றி எடுத்துவிடுங்கள். பிறகு மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, இஞ்சி பூண்டு விழுது சேருங்கள். நான்கு மேசைக்கரண்டி அரிசி மாவையும் இரண்டு மேசைக்கரண்டி சோள மாவையும் கலந்து, அதில் குளிர்ந்த நீரைச் சில துளி தெளித்துப் பிசிறிவிட்டு, மீனைப் புரட்டுங்கள். பிசிறிய அந்தப் பொடி உருண்டைகள்தான் பல்லில் கடிபடும். 170 பாகை சூட்டில் ஐந்தைந்து துண்டாக மூன்று நிமிடம் பொரியுங்கள். நிறையப் போட்டால் எண்ணெய் ஆறிவிடும், மீன் எண்ணெய் குடிக்கும். எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு, 190 பாகையில் இன்னொரு நிமிடம் பொரியுங்கள். உள்ளிருந்து கசிந்த ஈரம் அப்போது ஆவியாகிவிடும். காகிதத்தில் கொட்டினால் அடிப்பக்கம் நமுத்துப்போகும், கம்பித் தட்டில் வையுங்கள். கடைசியாக ஒரு பிடி கறிவேப்பிலை. தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாயும் புதினாவும் அரைத்து, லீமாவ் கஸ்தூரி பிழிந்த சட்னி.

அண்ணன் குடும்பம் மீண்டும் வருகிறது. இறால் வடையின் இடத்தை இந்த மீன் நிரப்பிவிட்டது என்று சொன்னால் அது பொய். அம்மாவுக்கு இறால் ஆசை வந்தால் ஈசூனில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விடுவார். திரும்பி வந்ததும் பல் துலக்கி, குளித்து, உடை மாற்றிய பிறகுதான் பேத்தியைத் தொடுவார். "பழகிக்கும்" என்ற பேச்சை நான் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

மகள் இப்போது தொடக்கநிலை மூன்று. ஊசி எப்போதும் அவள் பையில் இருக்கும். கடைகளில் அவளே கேட்கிறாள்: "அங்கிள், இந்த எண்ணெயில இறால் பொரிப்பீங்களா?" சிலர் எரிச்சல்படுவார்கள். போன மாதம் ஒரு கடைக்காரர் கரண்டியை வைத்துவிட்டு, "ஆமா பாப்பா, உனக்கு வேணாம்" என்றார். வந்த வியாபாரத்தை விட்டுவிட்டு உண்மையைச் சொன்ன அந்த மனிதருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டு விருந்துக்கு அடுத்த முறை பிள்ளைகள் வரும்போது, அடுப்பைப் பற்றவைக்கும் முன் அவர்களின் பெற்றோரிடம் "எது ஒத்துக்காது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லத் தயங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்க்கு அது எவ்வளவு நிம்மதி என்பது எனக்குத் தெரியும்.