வாசித்த பிறகு கையெழுத்து

தொப்பூர்க் கணவாயில் இறங்கும் லாரிகளின் சத்தம் இரவெல்லாம் கேட்கும் ஊர் எங்களுடையது. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் வார்டு பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. "டீச்சரம்மா, நீங்களே நில்லுங்க. இல்லாட்டி யாராவது அவங்க வீட்டுப் பொம்பளைய பேருக்கு நிறுத்திடுவாங்க" என்றார் பக்கத்துத் தெரு அக்கா. ஊராட்சி வார்டுக்குக் கட்சிச் சின்னம் இல்லை. சம்பளமும் இல்லை. நின்றேன், ஜெயித்தேன்.

1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தது. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. அப்படிக் கிடைத்த நாற்காலிக்கு என்ன மதிப்பு என்பது முதல் மாதமே தெரிந்தது. நடக்காத கூட்டத்தின் தீர்மான நோட்டு வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவர் என்னிடம் கொடுக்கவில்லை, "சார் இல்லீங்களா?" என்று கேட்டார்.

நோட்டை வாங்கி வாசித்தேன். 'அனைவரும் ஒருமனதாக' என்று எழுதியிருந்தது. அந்த 'அனைவரில்' நானும் ஒருத்தி. இருபது வருடமாகப் பிரதிகளை வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன், ஆனால் ஒரு பொய் இவ்வளவு சாதுவான தமிழில் எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினேன்.

மற்றப் பெண் உறுப்பினர்களைப் போய்ப் பார்த்தேன். ஒருவர் கூலி வேலைக்குப் போகிறவர். "எனக்குப் பேரெழுத மட்டுந்தாங்க தெரியும். காட்டுற எடத்துல போட்டுடுவேன்" என்றார். அவருக்காக ஒரு வழக்கம் கொண்டுவந்தோம்: தீர்மானத்தை உரக்க வாசித்த பிறகே கையெழுத்து. இரண்டு மாதம் முணுமுணுப்பு இருந்தது. மூன்றாவது கூட்டத்தில் அவரே குறுக்கிட்டார்: "எங்க தெருவுக்குப் பைப்பு போட்டாச்சுன்னு வாசிக்கிறீங்க. எங்க போட்டீங்க?" யாரும் பதில் சொல்லவில்லை. அந்த வரி அடிக்கப்பட்டது. ஃபுளூரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல் கறைபட்ட மாவட்டத்தில் குழாய் என்பது சின்ன விஷயமில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், கடைசித் தெருவுக்கு அது வருமா என்பதை அந்த நோட்டுதான் முடிவு செய்கிறது.

எனக்குப் படிப்பும் சாதியும் துணையிருந்தன என்பதை மறைக்க முடியாது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். சட்டம் இடத்தை ஒதுக்கும், உட்கார விடுவது ஊர்தான்.

2025 ஜனவரியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்தது. ஆனால் கிராம சபைக்குப் பதவிக்காலம் இல்லை. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொரு பெண்ணும் அதன் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2: இந்த நாள்களில் போய் உட்காருங்கள். தீர்மானத்தை வாசிக்கச் சொல்லுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு.