தலைக்கணக்கும் கிராமத்து வீதியும்

ஓர் ஊரிலே எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பதை நாம் பெரும்பாலும் பரீட்சைக்குரிய விடயமாகவே கருதுகின்றோம். அவ்வெண்ணே ஊருக்கு வீதி வருமா, வராதா என்பதைத் தீர்மானிக்குமாயின், அதனை ஊரின் சாதகம் என்றே சொல்லல் வேண்டும். அயல்நாடாகிய இந்தியாவின் கிராமங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

2011 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்திய மக்களுள் ஏறத்தாழ 83 கோடிப் பேர், அஃதாவது நூற்றுக்கு 69 பேர் வரையில், கிராமவாசிகளாவர். அவர்கள் வாழும் கிராமங்களோ 6 இலட்சம் அளவின. இத்தனை ஊர்களுக்கும் ஒருங்கே வீதி அமைத்தல் எவ்வரசுக்கும் இயலாது. ஆகவே, 2000 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் திகதி தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டம் ஒரு விதியை வகுத்தது. சமவெளியிலே 500 பேருக்குக் குறையாத குடியிருப்புக்கும், மலைநாடு, பாலைநிலம், பழங்குடியினர் பகுதி ஆகியவற்றிலே 250 பேருக்குக் குறையாத குடியிருப்புக்கும், மதகும் வடிகாலும் உடையதாய் மாரியிலும் செல்லத்தக்க வீதி அமைத்தல் வேண்டும் என்பதே அவ்விதி.

இதனை வகுப்பிலே நாம் விளக்கியபோது, பின் வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “499 பேர் இருந்தால், சேர்?” என்று வினவினான். வகுப்பு நகைத்தது. நாம் நகைக்கவில்லை. அண்மையிலே, 500 மீற்றருக்குள், வேறு குடியிருப்பு இருப்பின் இரண்டையும் சேர்த்து எண்ணலாம் என்ற சலுகை உண்டு. தனித்து நிற்கும் சிற்றூரோ காத்திருக்கவேண்டியதே. அன்றியும், திட்டம் முதலிற் கைக்கொண்டது 2001 ஆம் ஆண்டுக் கணக்கை. அதன்பின் பிறந்த குழந்தைகள் அதில் ஏறமாட்டார். 2024 இல் அங்கீகரிக்கப்பட்ட நான்காம் கட்டமே 2011 ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டு, எஞ்சிய 25,000 குடியிருப்புக்களுக்கு வழி காண முனைந்தது.

நிற்க. வீதி வந்தால் ஊருக்குச் செல்வம் வரும் என்று பலரும் நம்புகின்றனர். சாம் ஆஷர், போல் நொவோசாட் என்னும் பொருளியலறிஞர் இருவர், விதியின் எல்லைக்கு மேலும் கீழுமாய் நின்ற கிராமங்களை ஒப்பிட்டு, 2020 இல் தம் ஆய்வை வெளியிட்டனர். வீதி பெற்ற ஊர்களிலே பயிர்த்தொழிலை விட்டு வேறு வேலைக்குச் செல்வோர் தொகை கூடிற்று. விளைச்சலோ வருமானமோ பெரிதும் உயரவில்லை. அவர்கள் பங்குகொண்ட இன்னோர் ஆய்வோ, வீதி அமைந்தபின் நடுநிலைப் பாடசாலைகளிலே பிள்ளைகள் தொகை நூற்றுக்கு 7 அளவில் அதிகரித்ததைக் காட்டிற்று. படித்தால் வெளியே வேலை உண்டு என்பது தெரிந்துவிட்டால், பெற்றோர் பிள்ளையை வயலுக்கு அனுப்பத் தயங்குவர் அன்றோ?

ஆசிரியராகிய நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியே. எனினும், படித்த பிள்ளை அவ்வீதியாலேயே வெளியேறிவிட்டால் ஊர் வெறுமையாகாதோ என்று முதியோர் அஞ்சுவர். பிள்ளைகளைத் தூரதேசங்களுக்கு வழியனுப்பிய நம் குடும்பங்களுக்கு இவ்வச்சம் புதிதன்று. ஆனால், போக விரும்புபவன் சேற்றிலே நடந்தேனும் போய்விடுவான். வீதியில்லாமையால் வருந்துவோர் ஊரிலே தங்கியவர்களே. மாரிக்காலத்திலே பிரசவ வேதனையுற்ற பெண்ணைக் கட்டிலில் வைத்துச் சுமந்து செல்பவர்கள் அவர்கள்தாம். போன மகன் தீபாவளிக்குத் திரும்பிவரவும் அவ்வீதியே வேண்டும்.

பொருள் குறைந்த அரசு தலைகளை எண்ணி முறை வகுப்பதிலே தவறு காணல் அரிது. ஆயினும், எல்லைக்கோட்டின் கீழே நிற்பவரும் மக்களே என்பதைக் கணக்கெழுதுவோர் மறத்தலாகாது. நாளை அத்தகைய கணக்குகளை எழுதப்போகின்றவர்கள் இன்று நம் வகுப்புக்களில் இருக்கும் மாணவர்களே. பின் வாங்கிலிருந்து எழுந்த அவ்வினாவை அவர்கள் மனத்திற் கொள்வாராக.