மிச்சப் பாட்டு

மணிலாவில் விடியும் நேரத்தில்தான் அவனுக்கு வேலை முடியும். கால் சென்டர் வேலை. இரவெல்லாம் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லித் தொண்டை கட்டிப்போயிருக்கும். ஜீப்னி வண்டியில் இடிபட்டு வீடு வந்ததும், பாட்டியின் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்வான். அந்த ஊரில் பெரியவர்களிடம் ஆசி வாங்கும் முறை அது. பாட்டி சுடச்சுடச் சோறும், புளி போட்ட சினிகாங் சூப்பும் எடுத்து வைப்பார்.

அம்மா ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்கிறார். அவனைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். ஞாயிறு மட்டும் அவருக்கு லீவு. அன்று மகன் தூங்காமல் காத்திருந்து, வீடியோ காலில் அம்மாவுக்காக கரோக்கே பாடுவான்.

போன வாரம் பாதிப் பாட்டிலேயே குரல் நின்றுவிட்டது. மீதியை அம்மா பாடத் தொடங்கினார். அவராலும் முடிக்க முடியவில்லை, அழுதுவிட்டார்.

அங்கே டிசம்பர் 24-க்குள் 13-வது மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அதில் புது போன் வாங்க நினைத்திருந்தவன் சொன்னான்: "டிக்கெட் எடுத்து அனுப்புறேன்மா. மிச்சப் பாட்டை இங்கே வந்து பாடு!"