ஒரு நாற்காலி போதும்

சிட்னியில நாங்க குடியிருக்கற வாடகை வீட்டுக்குப் பின்னாடி நீச்சல்குளம். சுத்தி 1.2 மீட்டர் வேலி, தானாவே சாத்தித் தாழ் விழற கேட். சட்டமே அப்படித்தான். அப்புறம் என்ன பயம்னு இருந்துட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை காபி குடிச்சிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை வேலியோரமா விட்டது நான்தான். டம்ளரை உள்ள வச்சிட்டு வந்து பார்த்தா, ரெண்டரை வயசு வாண்டு நாற்காலிக் கைப்பிடி மேல ஏறி நிக்கறான். வயிறு வேலிமேல, தலை அந்தப் பக்கம்! ஓடிப்போய்த் தூக்கினேன். சிரிக்கறான். எனக்குக் கைநடுக்கம் நிக்கவே இல்ல.

வேலிக்கு வெளியே 90 சென்டிமீட்டருக்குள்ள ஏற வாகா எதுவும் இருக்கக்கூடாதுங்கறதும் சட்டம்தான். மூழ்கற குழந்தை சினிமால வர்ற மாதிரி கத்தாது மக்களே. சத்தமே இருக்காது. வேலி கொஞ்ச நேரம் தடுக்கும், காவல் நாமதான்.

தங்கமணிகிட்ட இன்னும் சொல்லலை. இன்னிக்குச் சொல்லிடணும்.