வேகமும் வெப்பமும்



வேலூரின் மே மாத வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அந்த வெயிலில் ஒரு கணிப்பொறியை அதன் வேகத்துக்கு மேல் ஓட வைத்து, சூட்டில் அது நின்றுவிடாமல் பார்த்துக்கொண்ட கதையை மலருக்கு எழுதித் தரும்படி உங்கள் தமிழாசிரியை கேட்டார். கையில் காசு இல்லாத காலத்தில் செய்த காரியம் அது. ஆகவே விலையுயர்ந்த கருவி எதுவும் இதில் வராது.

என் தந்தையார் அச்சுக்கோப்பவர். ஈய எழுத்துக்களுக்கு வேலை இல்லாமற் போனபின், வீட்டு முன்னறையில் ஒரு கணிப்பொறியை வைத்து, திருமணப் பத்திரிகை, வினாத்தாள் போன்றவற்றை அச்சுக்குத் தயார் செய்து கொடுப்பதென்று 2000-ஆம் ஆண்டில் நானும் அண்ணனும் முடிவு செய்தோம். எங்களால் வாங்க முடிந்தது, ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்ற இன்டெல் செலரான் 300ஏ கணிப்பொறிதான். எழுத்து வேலைக்கு அது தாராளம். புகைப்படம் வந்தால்தான் திண்டாட்டம். ஒரு படத்தைத் திருத்தச் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்க் காப்பி கலந்துகொண்டு வரலாம்.

இந்த 300ஏ, 1998 ஆகஸ்டில் வெளிவந்த மலிவுவகைப் பிராசஸர். ஆனால் அதற்குள் ஒரு வசதி ஒளிந்திருந்தது. தாய்ப்பலகை நொடிக்கு 66 மில்லியன் துடிப்புக்களை அனுப்பும். பிராசஸர் அதை நாலரையால் பெருக்கிக்கொண்டு 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும். நாலரை என்ற எண்ணைத் தொழிற்சாலையிலேயே பூட்டிவிட்டார்கள். துடிப்பைப் பூட்டவில்லை! அதை 100 ஆக்கினால் பிராசஸர் 450-இல் ஓடும். அதே 450 வேகத்தில் விற்ற பென்டியம் 2-இன் விலையோ பல மடங்கு. இப்படி வேகத்தைக் கூட்டுவதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். அந்த நாளில் உலகெங்கும் பணமில்லாத மாணவர்கள் இந்த 300ஏ-யைத் தேடி வாங்கியதற்குக் காரணம் இதுவே.

வேகம் இலவசமாக வரவில்லை. அந்தச் சிப்பினுள் சுமார் 1 கோடியே 90 லட்சம் டிரான்சிஸ்டர்கள். ஒவ்வொன்றும் மாறும்போது சிறிது மின்சாரம் வெப்பமாகிறது. வேகம் ஒன்றரை மடங்கானால் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வேகம் நிலைக்கவில்லை என்றால் மின்னழுத்தத்தைக் கூட்டுவார்கள், அங்கேதான் ஆபத்து. வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 2.0 வோல்ட்டை 2.2 ஆக்கினால் அதனால் மட்டும் 21 சதவீதம் கூடும். இரண்டும் சேர்ந்தால் 1.8 மடங்கு. "வேகத்தைத் தொடு, வோல்ட்டைத் தொடாதே அண்ணா" என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன்.

1985-இல் வெளிவந்த கிரே-2 என்ற அமெரிக்க மகா கணிப்பொறியை, மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் முழுக வைத்தே குளிர்வித்தார்கள். எங்களுக்கு அது நடக்கிற காரியமா? ஆனால் யோசித்துப் பார்த்தால், நாங்கள் குளிர்ச்சியை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. சூடு வெளியே போக வழி விட்டால் போதும்.

முதலில் பெட்டியைத் திறந்து தூசி தட்டினோம். உள்ளே பட்டையாகத் தொங்கிய கேபிள்களை மடித்து நூலால் கட்டி ஓரம் ஒதுக்கினோம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. அடுத்து, பிராசஸரின் மேல் இருந்த அலுமினிய வெப்பத்தட்டைக் கழற்றினோம். இரண்டு உலோகப் பரப்புகள் கண்ணுக்கு ஒட்டியிருப்பதுபோல் தெரிந்தாலும் நடுவே நுண்ணிய பள்ளங்களில் காற்று நிற்கும். காற்றைவிட அலுமினியம் பல ஆயிரம் மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும் என்றால், அந்தக் காற்று எத்தனை பெரிய தடை பாருங்கள். அதை நிரப்ப வெள்ளைப் பசை ஒன்று உண்டு. கணிப்பொறிக் கடையில் தேடாமல் ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். அவர்கள் பெரிய டிரான்சிஸ்டர்களுக்கு அடியில் தடவுவதும் அதே பசைதான். மிளகு அளவு எடுத்து மெல்லியதாகப் பரப்பினேன். அள்ளி அப்பினால் பசையே தடையாகிவிடும்.

பிறகு விசிறி. எரிந்துபோன ஒரு பவர் சப்ளையின் 80 மில்லிமீட்டர் விசிறியை மின்பணியாளர் ஒருவர் கழற்றிக் கொடுத்தார். (அந்தப் பெட்டியை நீங்களாகத் திறக்க வேண்டாம். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.) அதைப் பின்பக்கம், காற்றை வெளியே தள்ளும்படி பொருத்தினோம்.

அக்கம்பக்கத்தில் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. ஐஸ் கட்டி வை என்றார் ஒருவர். ஈர வெட்டிவேர்த் தட்டியை அருகில் தொங்கவிடு என்றார் இன்னொருவர். குளிர்ந்த நீர் நிரம்பிய தம்ளரின் வெளியே முத்து முத்தாக நீர் அரும்புவதைக் கண்டிருப்பீர்கள். அது தாய்ப்பலகையின் மேல் அரும்பினால் அன்றோடு கடையை மூட வேண்டியதுதான். இரண்டையும் மறுத்தேன்.

2001 மே மாதத்தில், அப்போது ஆண்டு மலர்ப் பொறுப்பில் இருந்த சிஸ்டர் ஒரு கட்டுப் புகைப்படங்களோடு வந்தார். பள்ளி திறக்கும் முன் மலர் அச்சாக வேண்டும். அந்த வேலையின் கூலியை என் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று நாங்கள் மனத்தில் எண்ணி வைத்துவிட்டோம். வேகம் கூட்டிய கதையைக் கேட்ட சிஸ்டர், "ஏம்மா, கழுதைக்கு மேல் பாரம் ஏற்றுகிறாயே, நடுவழியில் படுத்துவிட்டால்?" என்றார். கேள்வி நியாயமானது. சூடேறிய பிராசஸர் நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. நிற்காமல் தப்பாகக் கணக்குப் போட்டுக் கோப்பைக் கெடுத்துவிட்டால்? ஆகவே பகா எண்களைத் தேடும் பிரைம்95 என்ற நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டோம். பிராசஸரைக் கடுமையாக உழைக்க வைத்து, விடை முன்பே தெரிந்த கணக்குகளோடு அது ஒப்பிட்டுப் பார்க்கும். காலை வரை ஒரு பிழையும் இல்லை. பிறகுதான் படங்களை ஏற்றினேன்.

ஆனால் விசிறியால் ஒன்று முடியாது. அறையின் வெப்பத்துக்குக் கீழே அது எதையும் குளிர்விக்காது. எங்கள் ஏற்பாட்டில் பிராசஸர் அறையைவிட ஏறத்தாழ 17 டிகிரி சூடாக இருந்தது. விடியற்காலையில் அறை 30 என்றால் பிராசஸர் 47. பிற்பகலில் அறை 40 என்றால் 57. ஆகவே பகலில் பழைய 66-க்கே இறக்கி எழுத்து வேலை மட்டும் செய்தேன். இரவு பத்து மணிக்கு மேல் 100-க்கு ஏற்றிப் படங்களைத் திருத்தினேன். அம்மாவுக்குத்தான் தூக்கம் கெட்டது. பதினோராவது இரவில் கடைசி வகுப்புப் படமும் முடிந்தது. தங்கை அந்த ஜூனில் கல்லூரியில் சேர்ந்தாள்.

இன்றைய பிராசஸர்கள் தம் சூட்டைத் தாமே அளந்து வேகத்தைத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. ஆகவே கோடையில் உங்கள் மடிக்கணினி மந்தமானால் புதியது கேட்டு அப்பாவை நச்சரிக்கும் முன், அதை மெத்தையிலிருந்து எடுத்து மேசைமேல் வையுங்கள். அடியில் காற்று புகும் துளைகளை மெல்லிய தூரிகையால் துடையுங்கள். அரை மணி கழித்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.